யுத்த விதிகள் மாறலாமா?



சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து கடையைச் சாத்துவதற்கு முன், அஞ்சடியில் நாற்காலி போட்டு நாலைந்து பேர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பேச்சு யுத்தச் செய்திகளின் பக்கம் திரும்பிற்று. அப்போது நமக்கு மகன் முறையாகும் ஒரு தம்பி, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"சாச்சா, யுத்தத்துக்கும் சட்டம் உண்டு என்கிறார்களே, அது என்ன சட்டம்? நூறு வருஷத்துக்கு முன் ஒன்று, ஐம்பது வருஷத்துக்கு முன் ஒன்று, இன்றைக்கு ஒன்று. பலமுள்ளவன் எழுதுகிறான், பலமுள்ளவனே மாற்றுகிறான். மாறிக்கொண்டேயிருப்பது ஒரு சட்டமா? அதை நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்? அவர்கள் செய்வதையே நம்மவர்களும் செய்துவிட்டுப் போகட்டுமே!"

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "மாறாதது அல்லாஹ்வின் சட்டம் ஒன்றுதான் தம்பி. மனிதன் எழுதியதை எண்ணி நீங்கள் ஏன் மனம் நோகிறீர்கள்?" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் நல்லதுதான். ஆனால் இருவர் சொன்னதையும் நாம் வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தபோது, இரண்டு கப்பலும் ஒரே துறைமுகத்துக்குத்தான் போகின்றன என்று பட்டது. மாறுவதால் மதிப்பில்லை என்றார் ஒருவர். மனிதன் எழுதியதால் மதிப்பில்லை என்றார் மற்றவர். முடிவில் பச்சைக் குழந்தையையும் முதியவரையும் காக்கும் ஒரு வேலியை இருவருமே கைகழுவி விட்டார்கள். ஆகவே இவ்விஷயத்தை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியம் எனக் கருதினோம்.

நாம் சட்டம் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் கற்றதுமே நம் முதல். ஆயினும் தராசு பிடித்த கை நம்முடையது. மாறிய அளவைக்கும் கள்ள அளவைக்கும் உள்ள பேதம் வியாபாரிக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

கடலில் நடந்த மாற்றம்

முதலில், யுத்த விதிகள் மாறியிருக்கின்றனவா என்றால், மாறியே இருக்கின்றன. நம் தொழிலை ஒட்டிய ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

முன்னாளில் ஐரோப்பிய அரசுகள் யுத்தம் தொடங்கியதும் தனியார் கப்பல்காரர்களுக்கு ஓர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும். அந்தச் சீட்டை வைத்திருப்பவன் எதிரி நாட்டு வியாபாரியின் கப்பலை நடுக்கடலில் மறித்துப் பிடிக்கலாம்; சரக்கை எடுத்துச் சென்று நீதிமன்றத்தில் காட்டி, விற்று, பங்கு போட்டுக்கொள்ளலாம். சீட்டு இல்லாதவன் செய்தால் கடற்கொள்ளை, தூக்கு மேடை. சீட்டு உள்ளவன் செய்தால் சட்டப்படியான தொழில்! சரக்கை இழந்த வியாபாரிக்கோ இரண்டும் ஒன்றுதான்.

பல நூறு ஆண்டுகள் இது செல்லுபடியான விதியாக இருந்தது. கிரிமியா யுத்தம் முடிந்தபின் 1856 ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரில் ஏழு அரசுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. துருக்கியின் உதுமானிய அரசும் அவற்றுள் ஒன்று. தனியார் கொள்ளைக் கப்பல்முறை ஒழிந்தது என்றும், யுத்தத்தில் சேராத நாட்டின் கொடி பறக்கும் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தாலும், போர்த் தளவாடம் போன்ற தடைப்பொருள் தவிர மற்றதைத் தொடலாகாது என்றும் அவை ஒப்புக்கொண்டன. நேற்றுவரை நியாயம் எனப்பட்டது அன்று முதல் அநியாயம் ஆயிற்று. இந்த மாற்றத்தைப் பார்த்து "அப்படியானால் சட்டமே பொய்" என்று எந்த வியாபாரியாவது அழுதிருப்பானா? ஷுக்ரு செய்திருப்பான்!

ஒரு வியாபாரி கண்ட போர்க்களம்

இரண்டாவது உதாரணத்திலும் ஒரு வியாபாரி வருகிறார். ஸ்விட்ஜர்லாந்து தேசத்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த ஹென்றி தூனாந்து என்பவர், அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய தொழிலுக்குச் சலுகை கேட்டு, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனைக் காணப் புறப்பட்டார். சக்கரவர்த்தியோ இத்தாலியில் போர்முனையில் இருந்தார். 1859 ஜூன் 24ஆம் தேதி சோல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. வியாபாரக் காரியமாகப் போன தூனாந்து, ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் கிடந்து மடிவதைக் கண்டார். பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இவன் யார் படை, அவன் யார் படை என்று பாராமல் காயங்களைக் கட்டினார்.

ஊர் திரும்பி 1862இல் அதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பயனாக, 1864 ஆகஸ்டு மாதத்தில் ஜெனீவாவில் பன்னிரண்டு அரசுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. காயம்பட்டவன் எந்தப் படையைச் சேர்ந்தவனாயினும் அவனுக்குச் சிகிச்சை தர வேண்டும். வைத்தியரையும் வைத்திய வண்டியையும் தாக்கலாகாது என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டே உதுமானிய அரசு அதில் சேர்ந்தது. பின்னர் 1876இல், சிலுவைச் சின்னத்துக்குப் பதிலாகச் செம்பிறைச் சின்னத்தைத் தான் பயன்படுத்தப்போவதாகவும், எதிரியின் செஞ்சிலுவையைத் தான் மதிப்பதாகவும் அது அறிவித்தது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் செம்பிறை எழுத்துப்பூர்வமாக ஏற்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. "இவை வெள்ளைக்காரன் எழுதிய விதிகள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நுழைந்தவர்கள் கேட்டபோது விதி மாறியது. மாறாத விதியாக இருந்திருந்தால் இன்றளவும் நம் பிறைக்கு அங்கே இடமிருந்திராது. தூனாந்தின் வியாபாரமோ 1867இல் முறிந்துபோய், அவர் கடனாளியானார். 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. கடை நஷ்டப்பட்டது, கணக்கு நஷ்டப்படவில்லை.

பசி ஓர் ஆயுதமா?

மூன்றாவது உதாரணம் மனத்தை நடுங்கவைப்பது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியப் படை ருஷ்யாவின் லெனின்கிராட் நகரை 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகையிட்டது. நகருக்குள் ரொட்டி இல்லை. குளிருக்கு விறகு இல்லை. பல லட்சம் பொதுமக்கள் பட்டினியால் மடிந்தார்கள்.

யுத்தம் முடிந்தபின் நூரெம்பர்க் நகரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் ஒன்று ஜெர்மானியத் தளபதிகளை விசாரித்தது. லெனின்கிராடை முற்றுகையிட்ட படைக்குத் தலைமை வகித்தவரும் கூண்டில் நின்றார். நகரைப் பட்டினி போட்டதும், பசி தாளாமல் வெளியேற முயலும் மக்களைச் சுட்டு உள்ளே விரட்டும்படி கட்டளை இருந்ததும் அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் சேர்ந்தவை. 1948இல் நீதிபதிகள் கூறியது என்ன? முற்றுகையிட்ட ஊருக்கு உணவு வரும் வழியை அடைப்பது அந்நாளைய யுத்த விதிப்படி கூடும். சட்டம் வேறுவிதமாக இருந்திருக்கக்கூடாதா என்று தாங்கள் ஆசைப்படலாம், ஆயினும் இருக்கிற சட்டப்படிதான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்ற கருத்தில் கூறினார்கள். வேறு குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. பட்டினிக்காகக் கிடைக்கவில்லை.

சகோதரர்களே, சற்று நிறுத்தி யோசியுங்கள். "மாறும் சட்டம் சட்டமல்ல" என்று சொல்பவர், இந்தச் சட்டம் மாறாமலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறாரா?

அது மாறிற்று. 1949இல், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுப்பப்படும் உணவுக்குச் சில ஷரத்துகளோடு வழிவிட வேண்டும் என்று எழுதினார்கள். அது போதாது என்று கண்டு, 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு இணைப்புச் சேர்த்தபோது, பொதுமக்களைப் பட்டினி போடுவதை யுத்த முறையாகக் கொள்ளலாகாது என்று நேராகவே தடுத்தார்கள். பயிர், கால்நடை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றை அழிப்பதும் கூடாது என்றார்கள். 1998இல் ரோம் நகரில், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த சாசனம் அதைத் தண்டனைக்குரிய யுத்தக் குற்றம் என்றது. ஒரு நாட்டுக்குள் நடக்கும் உள்நாட்டுப் போருக்கும் 2019இல் அதை நீட்டத் தீர்மானித்தார்கள். 2024 நவம்பரில் அந்த நீதிமன்றம், காஸா மக்களைப் பட்டினி போட்டதாகச் சொல்லப்படும் குற்றத்தையும் சேர்த்து, இஸ்ரவேலின் பிரதம மந்திரிமீதும் அதன் முன்னாள் பாதுகாப்பு மந்திரிமீதும் கைது ஆணை பிறப்பித்தது.

வழக்குத் தீர்ந்துவிட்டது என்றோ, பசித்தவர் வயிறு அதனால் நிறைந்துவிட்டது என்றோ நாம் கூறவில்லை. சொல்ல வருவது இதுதான்: 1948இல் நீதிபதிகள் கையை விரித்த அதே செயலைச் சுட்டி, இன்று குற்றம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. அந்தப் பெயர் வருவதற்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

நம் மண்ணின் கணக்கு

இந்தக் கதை ஏதோ தூர தேசத்தாருடையது என்று எண்ண வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளை அந்த வேலையில் தள்ளினார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அவர்கள் மடிந்ததைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் இந்நாடுகளில் அரிது.

கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை என்று ஓர் ஏடு இருந்தது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. அனுசரிப்பதாக வாய்வார்த்தை கொடுத்தும் நடக்கவில்லை. சுமார் பன்னிரண்டாயிரம் கைதிகள் மாண்டார்கள். விதி அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. கணக்குக் கேட்க ஆளிருந்தது. காஞ்சனபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கோ, 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளில் ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்மக்களைப் பற்றிய சில ஷரத்துகள் நீங்கலாக, தனக்கென்று ஓர் உடன்படிக்கை இல்லை. பட்டியல் இல்லை. பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை.

1949 ஆகஸ்டு 12ஆம் தேதி எழுதப்பட்ட நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் நான்காவது முழுக்க முழுக்கப் பொதுமக்களுக்கானது. ஆயுதம் ஏந்தாதவனுக்கென்று தனியாக எழுதப்பட்ட முதல் உடன்படிக்கை அதுவே. அதை எழுத நேர்ந்ததற்கான காரணங்களில் நம் தோட்டத்துச் சனங்களின் எலும்புகளும் உண்டு என்றே நாம் எண்ணுகிறோம். அந்த விதி மாற்றத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அதை ஒன்றுமில்லை என்று அஞ்சடியில் உட்கார்ந்து தள்ளிவிட நமக்கு என்ன உரிமை?

மாதத்தைத் தள்ளிவைத்தவர்கள்

இனி, தம்பி கேட்டதில் உள்ள நியாயத்துக்கு வருவோம். பலமுள்ளவன் தன் வசதிக்காக விதியை மாற்றுகிறான் என்றாரே, அது நடவாததா? நடப்பதே. அதற்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயர் நாம் மதரஸாவில் ஓதியது.

அறியாமைக் காலத்து அரபிகளுக்கு நான்கு மாதங்கள் புனிதமானவை. துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய அம்மாதங்களில் போர் கூடாது. வியாபாரிகள் அச்சமின்றிச் சந்தைக்குப் போவார்கள். ஹாஜிகள் மக்கா செல்வார்கள். எல்லாக் கூட்டத்தாரும் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் கொள்ளையும் போரும் இல்லாதிருப்பது சிலருக்குக் கஷ்டமாயிற்று. ஆகவே, "இவ்வருஷம் முஹர்ரத்தின் புனிதத்தை ஸபருக்குத் தள்ளிவைத்தோம்" என்று அறிவித்துவிட்டு முஹர்ரத்தில் போர் தொடுப்பார்கள். எண்ணிக்கை நான்கு சரியாக இருக்கும்; நேர்மை இருக்காது. 'நஸீ' எனப்படும் இந்த வழக்கத்தைத் திருக்குர்ஆன், சூரத்துத் தவ்பாவில், நிராகரிப்பை இன்னும் அதிகமாக்கும் செயல் என்று கண்டித்தது.

நம் கடைப் பாஷையில் சொன்னால் விளங்கும். நம் தந்தையர் காலத்தில் இந்நாடுகளில் கட்டிக் கணக்கில் அரிசி, சீனி விற்றார்கள். 1970களில் அது போய்க் கிலோ வந்தது. அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்தது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி. விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரன் ஒருவன் ராத்திரியில் தன் எடைக்கல்லின் அடியைத் தேய்த்து வைத்தால் அதற்கு என்ன பெயர்? அளவை மாறியது இரண்டிலும் உண்மை. ஒன்று சீர்திருத்தம்; மற்றது திருட்டு.

அரசுகளும் கல்லைத் தேய்ப்பதுண்டு. ஆப்கானிஸ்தான் யுத்தத்தின்போது, 2002 பிப்ரவரியில், அமெரிக்க ஜனாதிபதி தாம் பிடித்த ஒரு சாரார் கைதிகளுக்கு ஜெனீவா உடன்படிக்கைகளின் பாதுகாப்பு இல்லை என்று எழுதினார். கைதி கையில் இருக்கும்போதே கைதியின் விதியைத் தாமே ஒருதலையாக வியாக்கியானம் செய்துகொண்டார். அதுவும் ஒரு நஸீதான். 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான அடிப்படை ஷரத்து அக்கைதிகளுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. விதி எழுத்தில் இருந்தபடியால்தான் அந்தக் கல் தேய்ந்தது என்று காட்ட முடிந்தது.

நடுவில் மாற்றலாகாது

ஆகவே நாம் கேட்க வேண்டியது "மாறுமா?" என்பதை அல்ல. யார் மாற்றினார், யாரைக் கேட்டு மாற்றினார், எப்பொழுது மாற்றினார் என்று கேட்க வேண்டும். இவற்றுள் "எப்பொழுது" என்பதே முதன்மையானது என்பது நம் கருத்து.

ஜெனீவா உடன்படிக்கைகளிலேயே, சேர்ந்த நாடு விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு கழித்தே அது செல்லும். ஆனால் விலகும் நாடு அப்போது யுத்தத்தில் இருந்தால், சமாதானம் ஏற்பட்டுக் கைதிகள் விடுவிக்கப்படும் வரையில் அந்த விலகல் செல்லாது. கண்ணிவெடியைத் தடுக்கும் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இதே மாதிரி ஷரத்து உண்டு. 2025இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ருஷ்யாவை அஞ்சி அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. விவசாயியின் காலைப் பறிக்கும் அப்பொருள் மீண்டும் வருவது நமக்கு வருத்தமே. மாற்றம் என்பது எப்போதும் மேலே போகும் படியல்ல, கீழேயும் இறங்கும். ஆயினும் அவை பகிரங்கமாக, தவணை கொடுத்து, போருக்கு வெளியே நின்று செய்தன. அதைத் தவறு என்று நாம் வாதாடலாம். வஞ்சகம் என்று சொல்ல முடியாது.

இந்த ஷரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டபோது நமக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் இடையே ஒரு குறித்த தவணைக்குச் சமாதான ஒப்பந்தம் இருந்தது. தவணை முடியுந்தறுவாயில், முடிந்த உடனே பாய்வதற்கு வசதியாக, அவர்கள் படையை எல்லைப்பக்கம் நடத்திச் சென்றார்கள். சட்ட எழுத்துப்படி அதில் மீறல் இல்லை. அப்போது குதிரைமேல் ஒருவர், வாக்கை நிறைவேற்ற வேண்டும், வஞ்சிக்கலாகாது என்று கூவிக்கொண்டே வந்தார். அவர் நபித்தோழர் அம்ரு இப்னு அபஸா (ரலி). ஒரு கூட்டத்தாரோடு உடன்படிக்கை செய்தவர் அதன் தவணை தீரும்வரை அதன் முடிச்சை அவிழ்க்கவோ இறுக்கவோ கூடாது, அல்லது இருதரப்பும் சமமாக அறியும்படி பகிரங்கமாக முறித்துக்கொள்ள வேண்டும் என்று பெருமானார் (ஸல்) கூறியதைத் தாம் கேட்டதாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். முஆவியா (ரலி) படையோடு திரும்பிவிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது.

மார்க்கத்தில் மாறாதது எது?

பெரியவர் சொன்னதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அல்லாஹ்வின் சட்டம் மாறாது, ஐயமில்லை. ஆனால் மனிதர் தமக்குள் நியாயமாகச் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காப்பாற்று என்பதும் அந்த மாறாத சட்டத்தில் சேர்ந்ததே!

நபித்துவத்துக்கு முன், யமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கை விற்றார். வாங்கிய குறைஷிப் பிரமுகர் பணம் கொடுக்க மறுத்தார். வியாபாரி மலைமேல் ஏறி நின்று நியாயம் கேட்டு ஓலமிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவன் யாராயினும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். பெருமானாரும் (ஸல்) அங்கே இருந்தார்கள். பிற்காலத்தில், இஸ்லாம் வந்தபின்னும் அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகச் சொன்னார்கள். கூடியவர்கள் யார் என்று பார்க்கவில்லை. கூடிய காரியம் என்னவென்று பார்த்தார்கள். அந்தக் காரியம் ஒரு வியாபாரியின் பாக்கி!

கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படையை அனுப்பும்போது, பெண்களை, குழந்தைகளை, முதியோரைக் கொல்லாதீர்கள், கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள், உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதீர்கள், மடங்களில் வணங்கியிருப்போரை விட்டுவிடுங்கள் என்றெல்லாம் உபதேசித்தார்கள். 1977இல் பயிரையும் கால்நடையையும் காக்க எழுதிய ஷரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம் நமக்கு அந்நியமானதல்ல.

அதேசமயம் நாமும் மாறியிருக்கிறோம் என்பதை மறைக்கலாகாது. பழைய பிக்ஹு நூல்களில் யுத்தக் கைதியை விடுவிப்பது, ஈட்டுத்தொகை பெற்று விடுவது என்பவற்றோடு, அடிமையாக்குவதும் தலைவர் தேர்ந்துகொள்ளக்கூடிய வழிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அக்காலத்தில் எல்லா நாட்டாரும் அப்படியே செய்தார்கள். இன்று முஸ்லிம் நாடுகள் யாவும் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் சேர்ந்து, அந்தக் கதவைச் சாத்திவிட்டன. இதனால் தீன் குறைந்துவிட்டதா? இல்லை. பத்ருப் போரின் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்களே, அந்த வழி அகலமாகியிருக்கிறது. வழக்கத்தை ஒட்டிய சட்டங்கள் காலம் மாறும்போது மாறும் என்ற விதியை, உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்ட நூலும் ஏற்றுக்கொண்டது. குறி மாறவில்லை, அதை அடையும் பாதை செப்பனிடப்பட்டது.

"அவர்கள் செய்வதையே நாமும் செய்வோம்" என்ற பேச்சுக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களிடமே பதில் உண்டு. ரோமத் தளபதி ஒருவனின் தலையை வெட்டி மதீனாவுக்கு அனுப்பிவைத்தபோது அவர்கள் வெறுப்படைந்தார்கள். "அவர்கள் நமக்கு இப்படித்தானே செய்கிறார்கள்?" என்று சொல்லப்பட்டது. பாரசீகரையும் ரோமரையும் பின்பற்றவா நாம் வந்தோம் என்ற கருத்தில் கேட்டு, இனிமேல் அப்படிச் செய்யலாகாது என்று தடுத்துவிட்டார்கள் எனக் கிரந்தங்களில் வருகிறது. எதிரியின் கல் தேய்ந்திருக்கிறது என்பதற்காக நம் கல்லைத் தேய்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

நமக்கு என்ன வேலை?

படையும் இல்லை, பீரங்கியும் இல்லை; பலசரக்குக் கடைக்காரனுக்கும் துணிக்கடைக்காரனுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கொள்ளைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியவர்களும் முதலீடு செய்தவர்களும் வியாபாரிகளே. சோல்பெரினோவில் கட்டுப் போட்டவரும் வியாபாரியே. விதி என்பது ஏட்டில் பிறந்தாலும், சனங்களின் வாயில்தான் வாழ்கிறது. "இது கூடாது" என்று ஊரெல்லாம் சொல்லும்வரை அதை மீறுகிறவன் ஒளிந்து செய்கிறான், சாக்குப்போக்குச் சொல்கிறான். "சட்டமாவது, மண்ணாவது" என்று ஊரே சொல்லத் தொடங்கினால் அவனுக்குச் சாக்கும் தேவையில்லை. அந்த வார்த்தையை அவனுக்கு இலவசமாகக் கொடுக்கிற கடை நம்முடையதாக இருக்கலாகாது.

மறுவாரம் அந்தத் தம்பி கடைக்கு வந்தார். நாம் மேற்கண்டவற்றைச் சொல்லிவிட்டு, "தம்பி, பட்டினி போடுவது குற்றமல்ல என்று நீதிபதி கூறிய காலம் வேண்டுமா, குற்றம் என்று எழுதியும் சிலர் மீறுகிற இந்தக் காலம் வேண்டுமா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் காலம்தான் சாச்சா. ஆனால் இது போதாது" என்றார்.

போதாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். போதாது என்பவன்தான் அடுத்த ஷரத்தைக் கேட்பான். வேண்டாம் என்பவன் இருப்பதையும் இழப்பான்.

தராசை நேராக நிறுத்தும்படி ஏவிய வல்ல நாயன், நம் கடைத் தராசையும் உலகத்தின் தராசையும் நேராக்கி வைப்பானாக! போரில் சிக்கிய சனங்களுக்கு உணவையும் அமைதியையும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.